இரும்புலியூரிலிருந்து ஏழு மீன்கள்

காலை ஐந்து நாற்பது. விளக்கைப் போட்டதும் முதலில் கண்ணில் பட்டது சக்கர் மீனின் வாய். கண்ணாடியின் உள்பக்கத்தில் அதை வட்டமாக ஒட்டிவைத்துக்கொண்டு பாசியைத் தின்றுகொண்டிருந்தது. வீட்டில் மற்ற எல்லாம் அட்டைப்பெட்டிகளுக்குள் போய்விட்டன. ஜன்னலில் திரை இல்லை, சுவரில் காலண்டர் இல்லை. மூன்றடி நீளத் தொட்டி மட்டும் தன் இடத்தில் இருந்தது. அதில் ஆறு ஏஞ்சல் மீன்கள், அந்த ஒரு சக்கர், நான்கைந்து வகைச் செடிகள்.

இரும்புலியூரில் நான் வாடகைக்கு இருந்த தரைத்தள வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப்போகிறார்கள். என் அக்கா சரோஜா கேளம்பாக்கத்தில் தனியாக இருக்கிறாள். கனடாவில் வேலை பார்க்கும் அவள் மகன் கார்த்தி வாங்கிப்போட்ட ஃபிளாட். "உனக்கு ஒரு ரூம் இருக்கு ஜெயா. துணிய மட்டும் எடுத்துக்கிட்டு வா" என்றாள். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் நான் செய்தித்தாளில் துணை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரு வாக்கியத்தில் எந்தச் சொல் வேலை செய்கிறது என்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது. அந்த வாக்கியத்தில் வேலை செய்தது 'மட்டும்'.

பீரோவை விட்டேன். சாப்பாட்டு மேசையை விட்டேன். புத்தகங்களில் முக்கால்வாசியை விட்டேன். தொட்டி வரும் என்று சொல்லிவிட்டேன்.

யாருக்கும் பிடிக்கவில்லை. கார்த்தி வீடியோ காலில் வந்தான். "சித்தி, எதுக்கு இந்த ரிஸ்க்? அங்க போனப்புறம் புதுசா வாங்கிக்கலாமே. ஓஎம்ஆர்ல சூப்பர் ஷாப்ஸ் எல்லாம் இருக்கு."

"நீ கூடத்தான் அம்மாவ இங்க விட்டுட்டுப் போன. அங்க புதுசா ஒண்ணு வாங்கிட்டியா?" என்றேன்.

சிரித்தான். அதற்குப் பிறகு தொட்டியைப் பற்றிப் பேசவில்லை. அக்காவும் அதே காலில் சேர்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. தன் நிபந்தனைகளை மட்டும் சொன்னாள். தொட்டி ஹாலுக்கு வரக் கூடாது, என் அறையோடு நிற்க வேண்டும். "அப்புறம், ஹால்ல ஒரு இன்வெர்ட்டர் பாயின்ட் இருக்கு. அது டிவிக்கு. அதுல கை வைக்காத." அந்தப் பக்கம் மாலையில் மின்சாரம் போகும். போனால் விளக்கு, மின்விசிறி, அந்த ஒரு பிளக் ஆகியவைதான் இன்வெர்ட்டரில் ஓடும். ஏழு மணிக்கு அவளுக்கு ஒரு சீரியல் உண்டு.

மீன் ஒரு பெரிய விஷயமா என்று கேட்டவர்களுக்கு நான் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். மீனை விட்டுவிட்டுப் போனால் அந்த வீட்டில் நான் விருந்தாளி. விருந்தாளிக்கு வயதானால் என்ன ஆகும் என்பதை நான்கு வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

முதல் நாள் செடிகளும் தொட்டியும் கிளம்பின. செடிகளைப் பிடுங்கி, ஈரமாக்கிய செய்தித்தாளில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டினேன். நான் தலைப்பு போட்ட தாள்கள் வடை மடிக்கப் போனதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அமேசான் சோர்டு செடியின் வேருக்கு ஈரம் காக்கப் போனது இதுதான் முதல் தடவை. ஃபில்டரின் பஞ்சைத் தொட்டியின் பழைய தண்ணீரிலேயே போட்டு மூடினேன். மீன் கழிவைச் சுத்தம் செய்யும் நுண்ணுயிர்கள் அந்தப் பஞ்சில்தான் இருக்கின்றன. குழாய்த் தண்ணீரில் அலசினால் செத்துவிடும். மீன்கள் ஏழையும் ஒரு நீல டிரம்முக்கு மாற்றி, காற்றுக் குழாயை விட்டேன். மூன்றாம் நாள் வரை அவற்றுக்கு இரும்புலியூரிலேயே இடம். அன்றிலிருந்து அவற்றுக்குச் சாப்பாடு கிடையாது. பயணத்துக்கு முன் இரண்டு நாள் பட்டினி போட வேண்டும். வயிறு காலியாக இருந்தால்தான் எடுத்துப்போகும் பையில் தண்ணீர் கெடாது. இதை அக்காவிடம் தொலைபேசியில் சொன்னேன். "பாவம்டி" என்றாள்.

குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டியை ஓட்டி வந்தவர் கேன்களில் இருந்த தொட்டித் தண்ணீரைப் பார்த்தார். "இன்னா மேடம், தண்ணிகூடமா ஷிஃப்டிங்? கேளம்பாக்கத்துல தண்ணி இல்லியா?"

"இருக்கு. இது பழைய தண்ணி."

"பழைய சோறு கேட்டுக்கீறேன். பழைய தண்ணி இப்பதான் கேக்குறேன்." ஆனால் வேகத்தடை வந்தபோதெல்லாம் வண்டியை நடக்கவிட்டார். இரண்டு மெத்தைகளுக்கு நடுவே கண்ணாடி அசையாமல் போய்ச் சேர்ந்தது.

அக்காவின் அடுக்குமாடி வாசலில் காவலாளி எழுந்து நின்றார். "மேடம், பெட்ஸ்னா அசோசியேஷன்ல சொல்லணும்."

"அசோசியேஷன்ல யாரையாவது கடிச்சா சொல்றேன்."

அவருக்குப் பக்கத்தில் இருந்த ஒடிசாக்காரப் பையன் செல்போனில் யாரிடமோ இந்தியில் பேசிக்கொண்டிருந்தான். என் இந்தி அரைகுறை. எனக்குப் புரிந்த வரையில் அவன் சொன்னது: "ஒரு அம்மா மூன்றாவது மாடிக்குக் குளம் கொண்டுபோகிறாள். இல்லை, விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மண்ணும் கொண்டுவந்திருக்கிறாள்."

இரண்டாம் நாள் தொட்டியை நிரப்பினேன். பாதி பழைய தண்ணீர், பாதி குளோரின் போகப் பிடித்துவைத்த தண்ணீர். மணலைப் பரப்பி, செடிகளை நட்டு, ஃபில்டரை ஓடவிட்டேன். அக்கா கதவோரம் நின்று பார்த்தாள். மணல் ஒரு துளிகூட ஹாலுக்கு வரவில்லை என்பதைக் குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

மத்தியானம் இட்லி மாவு வாங்கி வரச் சொன்னாள். போனேன். இரும்புலியூரில் வீட்டு வாசலிலிருந்து கூப்பிட்டால் மாவுக்கடைக்காரருக்குக் கேட்கும். கேளம்பாக்கத்தில் மூன்று மோமோ கடைகளையும் ஒரு ஜிம்மையும் தாண்டினேன். நான்காவதாக வந்த கடையில் மாவு இருந்தது. கடைப்பெண் நிமிர்ந்து பார்க்காமல் 'ஸ்கேன் பண்ணுங்க' என்றாள். ஊர் மோசம் என்று சொல்ல வரவில்லை. மாவு நன்றாகவே இருந்தது.

ஏழு மணிக்குச் சற்று முன் மின்சாரம் போனது. என் அறையில் ஃபில்டர் நின்றது. ஹாலில் சீரியல் ஓடியது. ஒரு மருமகள் அழுகிற சத்தத்தில் உட்கார்ந்து, அசையாத தண்ணீரைப் பார்த்தேன். மீன் இல்லாத தொட்டி, அதனால் பரவாயில்லை. மீன் இருந்தால் இந்த அமைதி ஆபத்து. மின்சாரம் வந்ததும் பஸ் பிடித்து இரும்புலியூருக்குத் திரும்பி, டிரம்முக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் அக்கா வந்துவிட்டாள். காலி வீட்டை ஒப்படைக்கும்போது நான் தனியாக நிற்கக் கூடாதாம். டப்பாவில் இட்லியும் மிளகாய்ப்பொடியும் கொண்டுவந்திருந்தாள். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் மாடிக்குப் போய் வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கியபோது அவள் கை கழுவிக்கொண்டிருந்தாள். டிரம்மின் மூடி சரியாக மூடப்படவில்லை. கவனித்தேன். காற்றுக் குழாய் இருப்பதால் அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

மீன்கள் ஏழையும் மூடி போட்ட வாளிக்கு மாற்றினேன். செயலியில் கூப்பிட்ட முதல் டாக்ஸி வாளியைப் பார்த்ததும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டது. இரண்டாமவர் நல்லவர், காரணம் சொன்னார். "லீக் ஆச்சுன்னா ஓனர் என்னிய வுட மாட்டாரு மேடம். மீன் வேற. மூணு நாளைக்கு வாசன பேஜார் பண்ணிடும்." மூன்றாவது வரவேயில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் தாம்பரத்துக்குப் போனோம். நான் வழக்கமாக மீன் தீனி வாங்கும் கடையில் ஆக்ஸிஜன் சிலிண்டர் இருக்கிறது.

கடைக்காரர் ஒவ்வொரு பையிலும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் விட்டு, மீனை விட்டு, மீதியை ஆக்ஸிஜனால் ஊதிக் கட்டினார். மூன்று பைகளில் இரண்டிரண்டு ஏஞ்சல், நான்காவதில் சக்கர் தனியாக. "பேசாம கடைலயே குடுத்துட்டுப் போங்க மேடம். நான் நல்ல எடத்துல சேத்துடறேன்."

"நல்ல எடம்னா?"

"யாராவது வாங்குவாங்க."

"நான் வாங்கிட்டேன்" என்றேன்.

ஏஞ்சல்களில் பெரியதான பெண் மீனைப் பையில் விடும்போது அவர் கை நின்றது. "ரெண்டு நாள் பட்டினி போட்டீங்கல்ல? வயிறு உப்பிகினு கீதே."

"அதுக்கு வயசாயிடுச்சு. எப்பவும் அப்படித்தான் இருக்கும்."

நான் சொன்னது தவறு. முந்தின நாள் அந்த வயிறு அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் கடைக்கே கொடுத்துவிடுங்கள் என்று சொன்ன மனிதரிடம் எதையும் ஒத்துக்கொள்ளும் மனநிலையில் நான் இல்லை. அக்கா கடைக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பைகளைத் தெர்மக்கோல் பெட்டியில் அடுக்கி மூடினோம். இருட்டாக இருந்தால் மீன்கள் அடங்கிக் கிடக்கும். பெட்டியை நான் தூக்கிக்கொண்டேன். காலி வாளியையும் பேட்டரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்பையும் அக்கா எடுத்துக்கொண்டாள். பேருந்து நிலையத்துக்கு நடந்து, கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போகும் பஸ்ஸில் ஏறினோம்.

"பொட்டில இன்னாம்மா?" என்றார் நடத்துநர்.

"மீன்."

"மீனா? எறங்கு, எறங்கு. மீன் கூடைல்லாம் ஏத்தறதில்ல."

"கூடை இல்ல. உயிரோட இருக்கிற மீன். லக்கேஜ் டிக்கெட் போடுங்க."

"அதெல்லாம் ஆவாதும்மா. பப்ளிக் கம்ப்ளெய்ன்ட் பண்ணுவாங்க."

"நானும் பப்ளிக்தான். எனக்குக் கம்ப்ளெய்ன்ட் இல்ல."

பின் இருக்கையிலிருந்து ஒரு குரல் வந்தது. காலையில் தாம்பரத்தில் மீன் விற்றுவிட்டுக் கோவளத்துக்குத் திரும்பும் பெண். கழுவிய அலுமினியக் கூடை காலடியில் இருந்தது. "யோவ் கண்டக்டரு! என் காலி கூடைக்கே டெய்லி மூஞ்ச சுளிக்கிற. அது பொட்டில கீது, உசுரோட கீது. குனிஞ்சு மோந்து பாரு, நாத்தம் வந்தா என்னியும் சேத்து எறக்கி வுடு."

அவர் உண்மையிலேயே குனிந்து முகர்ந்தார். இரண்டு இருக்கைகளில் சிரிப்பு எழுந்தது. லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்து என் கையில் திணித்துவிட்டு முன்னால் போனார். அதை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டேன்.

மீன்காரப் பெண் மூடியைத் திறந்து காட்டச் சொன்னார். ஒரு ஓரம் திறந்து காட்டினேன். உற்றுப் பார்த்தார். "இத்த வெச்சு கொழம்பு வெச்சா ஒரு ஆளுக்குக்கூடப் பத்தாது. இதுக்கா இவ்ளோ சண்டை?"

"அவளோடதுங்க" என்றாள் அக்கா. மன்னிப்புக் கேட்கிற குரல்.

வண்டலூரில் திரும்பியதும் வண்டி நின்றது. நகர்ந்தது. மறுபடி நின்றது. கண்டிகைக்குப் பக்கத்தில் சாலையைத் தோண்டிவைத்திருந்தார்கள். ஜன்னல் வழியாகப் புழுதி வந்து மடியில் உட்கார்ந்தது. யாரோ வேர்க்கடலை உரித்தார்கள். ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி நின்றார். வெயில் ஏறுகிறதே என்று பெட்டியைத் திறந்து பார்த்தேன்.

பெரிய பெண் மீன் இருந்த பையில் தண்ணீர் கஞ்சி மாதிரி வெளுத்திருந்தது. அடியில் கழிவு. அதன் நடுவே வெள்ளையாகச் சில துணுக்குகள். மீன் மேலே வந்து, வாயைத் திறந்து திறந்து மூடியது. உடல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மற்ற இரண்டு ஏஞ்சல் பைகளும் கலங்க ஆரம்பித்திருந்தன.

"இது என்ன?" என்றேன்.

அக்கா பார்த்தாள். உடனே தெரிந்துவிட்டது அவளுக்கு.

"ஒரு இட்லிதான்டி" என்றாள்.

"என்னது?"

"ஒரே ஒரு இட்லி. பிச்சுப் பிச்சுப் போட்டேன். நீ மேல சாவி குடுக்கப் போனப்ப. எல்லாம் ஓடி ஓடி வந்து தின்னுச்சு. ரெண்டு நாளா ஒண்ணும் குடுக்கலன்னு சொன்னியே. வீட்ட விட்டுப் போறப்ப யாரையாவது வெறும் வயித்தோட அனுப்புவாங்களா?"

"மீன அனுப்புவாங்க. சொன்னேன்ல உன்கிட்ட?"

"சொன்ன. மனசு கேக்கல. கார்த்தி ஃபிளைட் ஏறப் போறப்பகூட வேணாம் வேணாம்னான், ரெண்டு வாய் ஊட்டிவிட்டுத்தான் அனுப்பினேன்."

"கடைக்காரர் கேட்டாரே. அப்ப ஏன் வாயத் தொறக்கல?"

"நீதான் தொறந்துட்டியே. வயசாயிடுச்சுன்னு."

மீன்காரப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "அய்ய, இட்லியா?" என்றார்.

பஸ் மாம்பாக்கத்துக்கு வந்ததும் இறங்கிவிட்டோம். நிறுத்தத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. வாசலில் குடிநீர் கேன்கள் இருந்தன. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அதை விட முடியாது. கேன் தண்ணீரே கதி. ஒன்று வேண்டும் என்றேன்.

கடைக்காரப் பெண் வாளியையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். "மீனுக்கா? நாங்களே குயாத் தண்ணிதான் குடிச்சிகினு கீறோம். மீனு மினரல் குடிக்குதா?"

"ஆமாம், மீனுக்குத்தான்."

கடை பெஞ்சில் வைத்துப் பைகளை அவிழ்த்தேன். கெட்ட தண்ணீரைப் பாதிக்கு மேல் சாலையோரம் ஊற்றிவிட்டு, மீதியோடு மீன்களை வாளிக்குள் விட்டு, கேன் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். அக்கா காற்றுப் பம்பை வாளியின் விளிம்பில் பிடித்துக்கொண்டாள். டீ குடித்துக்கொண்டிருந்த நான்கு பேர் டம்ளரோடு சுற்றி நின்றார்கள். "ஐ.சி.யூல வெச்சிருக்காங்கடா" என்றான் ஒருவன். அவனையே ஆட்டோ கூப்பிட்டு வரச் சொன்னேன். போனான். கடைக்காரப் பெண் கேட்காமலேயே இரண்டு டீயும் இரண்டு மசால் வடையும் வைத்தாள். வடை சூடாக இருந்தது. நான் சாப்பிட்டேன். அக்கா தொடவில்லை.

ஆட்டோவில் வாளி அவள் கால்களுக்கு நடுவே இருந்தது. புதுப்பாக்கம் மலைக்கோயில் வந்தபோது கும்பிடுவதற்குக்கூட அவள் கையை எடுக்கவில்லை. பம்பைப் பிடித்தபடி தலையை மட்டும் அந்தப் பக்கம் திருப்பினாள். பள்ளங்களில் தண்ணீர் தளும்பி அவள் புடவையின் கீழ்ப்பாதி நனைந்தது.

காவலாளி இந்த முறை எழுந்திருக்கவில்லை. லிஃப்ட் பொத்தானை அமுக்கிக் கொடுத்தார்.

வாளியில் தொட்டித் தண்ணீரைக் குவளை குவளையாகச் சேர்த்துப் பழக்கி, ஒவ்வொன்றாக வலையில் எடுத்துவிட்டேன். சக்கர் நேராகப் போய்க் கண்ணாடியில் வாயை ஒட்டியது. ஐந்து ஏஞ்சல்கள் செடிகளுக்குப் பின்னால் ஒதுங்கின. பெரிய பெண் மீன் தொட்டியின் நடுவில் சற்று நேரம் நின்று, மெதுவாக மணலுக்கு இறங்கியது. ஐந்து மணிவாக்கில் அதன் செவுள் அசைவு நின்றது. எடுத்து, பால்கனியில் இருந்த கறிவேப்பிலைத் தொட்டியில் புதைத்தேன்.

அக்கா குளித்துவிட்டு வந்து ஹாலில் உட்கார்ந்திருந்தாள். "என்னாலதான்னு சொல்றியா?" என்றாள்.

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த வீட்டில் இனி இருக்கப்போகிறவள் நான். முதல் நாளே பொய்யில் ஆரம்பிக்க எனக்கு விருப்பமில்லை.

"ஆமாம்க்கா. இட்லியாலதான். நான் கடைல வாயடிச்சதாலயும்தான்."

அவள் எழுந்து விளக்கேற்றினாள். இரவுக்குத் தோசையா என்று கேட்டாள். சரி என்றேன். டிவியைப் போட்டாள்.

ஏழு மணி தாண்டி, சீரியலின் தலைப்புப் பாட்டு முடிவதற்குள் மின்சாரம் போனது. என் அறையில் ஃபில்டரின் சத்தம் நின்றது. காற்றுப் பம்பை எடுத்துப் போட்டேன். ஓடவில்லை, மாம்பாக்கத்திலிருந்து ஓடி ஓடி அதன் பேட்டரி தீர்ந்திருந்தது. ஒரு குவளையை எடுத்துத் தொட்டித் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்ற ஆரம்பித்தேன். அப்படிச் செய்தால் கொஞ்சம் காற்று கலக்கும். ஹாலில் போய்க் கேட்கப்போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

ஹாலில் டிவி சத்தம் நின்றது.

"ஜெயா" என்று குரல் கொடுத்தாள். "அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எங்க வெச்ச? ஒயர் அங்க வரைக்கும் எட்டுமா பாரு."

எட்டியது. ஃபில்டர் இரண்டு தடவை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. அக்கா ஒரு நாற்காலியை இழுத்துவந்து தொட்டிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். மீன்களை எண்ணினாள். நாளைக்கு அதுகளுக்கு என்ன கொடுக்கணும் என்று கேட்டாள். நாளைக்கும் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்றேன்.

மின்சாரம் திரும்பி வந்தபோது சீரியல் முடிந்திருந்தது.